காயத்தை மறைத்து ஆடும் பழக்கம்: கண்டியில் ஒரு ஜேர்சி வியாபாரத்தின் எட்டு ஆண்டுகள்

இதை எழுதக் காரணம்

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இங்கே எழுதப்போவது அப்படிப் பார்த்த ஒரு கணக்கு. ஆனால் நான் வெறும் கணக்குக்காரனாக மட்டும் உள்ளே போகவில்லை. சம்பந்தப்பட்டவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்குச் சில வருடங்கள் இளையவர், மைதானத்தில் தெரிந்தவர். எழுதச் சொன்னதும் அவர்தான். பெயர், பாடசாலை, கடை இருக்கும் தெரு எதையும் சொல்லவில்லை, தொகைகளையும் முழு எண்களாக்கி இருக்கிறேன். நான் கூப்பிடுகிற மாதிரியே ‘தம்பி’ என்று எழுதுகிறேன்.

விளையாட்டில் பெயர் எடுத்த பிள்ளைகள் வியாபாரத்துக்கு வரும்போது எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள்: மைதானம் ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கும், தோல்வியைத் தாங்கப் பழக்கியிருக்கும், ஆகவே பிழைத்துக்கொள்வார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மைதானம் இன்னொன்றையும் பழக்குகிறது, அதைத்தான் இந்தக் கணக்கில் பார்த்தேன்.

பின்னணி: இரண்டு விளையாட்டு, ஒரு விரல்

கண்டியில் வளர்கிற பையனுக்கு ரக்பி தெரியாமல் இருப்பது கஷ்டம். ஊரில் ‘ரகர்’ என்றுதான் சொல்வோம். 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியில் எல். ஈ. பிளேஸ் அறிமுகப்படுத்திய ஆட்டம் இது. 1906இல் கிங்ஸ்வூடும் டிரினிட்டியும் மோதியதுதான் நாட்டின் முதல் பாடசாலை ரக்பிப் போட்டி. நித்தவல மைதானத்தில் கண்டிக் கழகம் ஆடுகிற நாளில் பஸ்காரர்கூட ஸ்கோர் கேட்பார். தம்பியின் அப்பாவுக்கு நகரத்தில் சின்னப் பலசரக்குக் கடை. வீட்டில் யாரும் விளையாடியதில்லை. இவர் மட்டும் முதலாம் தவணையில் கிரிக்கெட், அது முடிந்ததும் ரக்பி என்று வருடம் முழுக்க மைதானத்திலேயே கிடந்தார்.

கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர், ரக்பியில் ஒன்பதாம் இலக்கம், அதாவது ஸ்க்ரம் ஹாவ். ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்து எழ வேண்டியவர் விக்கெட் காப்பாளர். இரண்டு அணியும் தலை கோத்துத் தள்ளுகிற ஸ்க்ரமிலிருந்தும், கீழே கிடக்கிற பந்துக்கு மேல் ஆட்கள் நெருக்குகிற ரக்கிலிருந்தும் வருகிற பந்தை எடுத்து வெளியே அனுப்ப வேண்டியவர் ஒன்பது. இரண்டு இடத்திலும் எல்லாம் இவர் கையைத் தாண்டித்தான் போகும். 2007இல் பேராதனைக்கு வந்து கலைப்பீடத்தில் பொருளியல் படித்தார், இரண்டு அணிக்கும் ஆடினார், இரண்டிலும் பல்கலைக்கழக வர்ணம் என்கிற விளையாட்டு விருதை வாங்கினார்.

இரண்டாம் வருடம் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து வலது மோதிர விரலின் நுனியில் குத்தியது. நுனியை நிமிர்த்துகிற தசைநாண் அறுந்துவிட்டால் அந்த விரல் தானாக நிமிராது, முதல் கணு தொங்கிவிடும். வைத்தியம் பெரிய விஷயமில்லை, சின்னத் தகடு கட்டி ஆறிலிருந்து எட்டுக் கிழமை விரலை நேராகவே வைத்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் ஒரே ஒரு தடவை மடங்கினாலும் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தம்பி தகடு கட்டவில்லை. ஒட்டுப்பட்டியால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அந்தப் பருவம் முழுக்க கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடினார். கோச்சுக்குச் சொல்லவில்லை. முடிந்த பிறகு விஷயம் தெரிந்தபோது யாரும் திட்டவில்லை. அணி இராவிருந்தில் அதைச் சொல்லி எழுந்து நின்று கைதட்டினோம். நானும் தட்டினேன். இன்றைக்கும் அவர் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது அந்த விரல் நுனி கீழே தொங்குவதைப் பார்க்கலாம்.

கம்பனி வேலை, 2011 முதல் 2016 வரை

கொழும்பில் விளையாட்டுக்காரருக்கு வேலை கிடைக்க ஒரு பழைய வழி உண்டு. பெரிய கம்பனிகள் மேர்க்கன்டைல் கிரிக்கெட்டுக்கும் மேர்க்கன்டைல் செவன்ஸ் ரக்பிக்கும் அணி இறக்கும், அதற்கு ஆள் வேண்டும். தம்பியையும் அப்படித்தான் ஒரு கம்பனி விற்பனைப் பிரிவில் எடுத்தது. காலையில் மேசை, பின்னேரம் பயிற்சி. ஐந்து வருடத்தில் விற்கப் பழகினார், அதை நன்றாகவே பழகினார். கடன் வசூல், கையிருப்பு, வங்கி எல்லாம் வேறு மாடியில் இருந்தன, அந்த மாடிக்கு அவர் ஏறவே இல்லை. முழங்கால் கெட்டு அணியிலிருந்து நின்ற பிறகு பதவி உயர்வுப் பேச்சும் மெல்ல நின்றது. சண்டை ஒன்றும் இல்லை, அவராகவே விலகினார்.

தொடக்கம்

2016 ஓகஸ்டில் கண்டியில் விளையாட்டு உடை அச்சிடும் இடம் ஒன்றைத் திறந்தார். யோசனை நல்ல யோசனை, அதை இன்றைக்கும் சொல்வேன். ஜேர்சியில் நிறமும் பெயரும் இலக்கமும் துணியோடு ஒன்றாகிவிடுகிற சப்ளிமேஷன் முறை: முதலில் காகிதத்தில் அச்சடித்து, பிறகு கிட்டத்தட்ட 200 பாகை வெப்பத்தில் ஒரு நிமிடம் அழுத்தினால் மை ஆவியாகிப் பொலியஸ்டர் நூலுக்குள் இறங்கிவிடும். பருத்தியில் பிடிக்காது. கழுவக் கழுவ உரியாது. அதற்கு முன் கண்டி அணிகள் இதற்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருந்தது.

சந்தையும் அவருக்குத் தெரிந்த சந்தை. பெப்ரவரி, மார்ச் பாடசாலைகளின் பெரும்போட்டிக் காலம். கொழும்பில் றோயல் - தோமியன், யாழ்ப்பாணத்தில் சென்ட் ஜோன்ஸ் - மத்திய கல்லூரி மோதும் வடக்கின் பெரும்போர், கண்டியில் எங்கள் சொந்தப் போட்டிகள். ஆடுகிற 22 பேருக்கு மட்டுமல்ல, பழைய மாணவர்களின் ஒவ்வொரு பட்ச்சுக்கும் ஒரு ரீசேர்ட் வேண்டும். அதற்கப்புறம் ரக்பி தொடங்கும்.

சிக்கலும் அங்கேயே இருந்தது. துணி, மை, காகிதம் மூன்றையும் நவம்பர், டிசம்பரில் வாங்க வேண்டும், துணி கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையிலிருந்து வரும். தையலும் அச்சும் ஜனவரியில். உடையை பெப்ரவரியில் கொடுத்தால் காசு ஏப்ரல், மேயில் வரும். கேட்டால்தான் வரும். வருகிற ஆட்களோ எல்லோரும் ‘மச்சான்’. தன் அணிக்காக ஸ்க்ரமில் தலை கொடுத்தவன் “அடுத்த மாசம் போடுறேன்டா” என்றால் தம்பியால் மறுக்க முடியவில்லை. அப்பாவின் கடையில் கடன் கொப்பி ஒன்று இருந்தது, கிழவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை முதல் பக்கத்திலிருந்து படிப்பார். தம்பியின் கடன் பட்டியல் வட்ஸ்அப்பில் இருந்தது, அதாவது எங்குமே இல்லை.

என் பங்கையும் சொல்ல வேண்டும். 2018இல் எங்கள் பட்ச் ஒன்றுகூடலுக்கு 60 ரீசேர்ட் நான்தான் ஓர்டர் கொடுத்தேன். காசு கொடுத்தது ஐந்து மாதம் கழித்து. அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை, அதனால் அவசரமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடிகள் விழுந்த வரிசை, 2019 முதல் 2022 வரை

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். பாடசாலைகள் திறப்பது தள்ளிப்போனது, போட்டிகள் நின்றன. அந்த வருடம் கொடுத்த உடைகளுக்குக் காசு வர வேண்டிய மாதங்களே அவைதான். ஓட்டையை அடைக்க வங்கி மிகைப்பற்றை, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கிற கடனை, கூட்டினார். அதோடு நிறுத்தாமல் இரண்டாவது வெப்ப அழுத்தியை லீசிங்கில் எடுத்தார். ஏன் என்று பிறகு கேட்டபோது, தளர்ந்துவிட்டார் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக என்றார்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன, 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. அச்சடித்துக் கட்டி வைத்த ஏராளமான பொதிகளை எடுக்க யாரும் வரவில்லை. ஒரு பாடசாலையின் பெயரும் வருடமும் அச்சான ஜேர்சியை வேறு யாருக்கும் விற்க முடியாது. அந்த நேரத்தில் மத்திய வங்கி கொவிட் கடன் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது, தொழில் மூலதனத்துக்கு நான்கு வீத வட்டி. தம்பி விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பித்தால் கணக்குக் காட்ட வேண்டும். அதற்குப் பதிலாக நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டிக்குத் தனியாரிடம் வாங்கினார், அங்கே யாரும் கணக்குக் கேட்பதில்லை. முழு விவகாரத்திலும் எனக்கு ஆறாத இடம் இதுதான். வருடத்துக்கு நான்கு ரூபாய் வட்டி கண் முன்னால் இருக்க, வருடத்துக்கு அறுபது ரூபாய் வட்டியை ஒரு பொருளியல் பட்டதாரி தேர்ந்தெடுத்தார்.

பிறகு 2022. அதுவரை டொலருக்கு 200 ரூபாய் அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த நாணய மாற்று மார்ச்சில் விடுபட்டது, மே மாதம் 360ஐத் தொட்டது. மையும் காகிதமும் இறக்குமதிச் சாமான், விலை எங்கோ போனது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. வெப்ப அழுத்தி சூடேறி முடிகிற நேரத்தில் மின்சாரம் போனால் மேடையில் இருக்கிற துணி பாதி நிறத்தில் நின்றுவிடும், அதைத் தரை துடைக்கத்தான் போடலாம். ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தியது. மிகைப்பற்று வட்டியும் கூடவே ஏறியது.

நான் பார்த்தது

2022 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். பெற்றோல் இல்லாத காலம், கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். தோளில் பழைய பல்கலைக்கழக கிட் பை. பிளேன்டீ கொடுத்தோம், குடிக்கவில்லை. பையைத் திறந்து மேசையில் கொட்டினார். பிரிக்காத வங்கிக் கடிதங்கள், லீசிங் கம்பனிக் கடிதங்கள், ரப்பர் வளையம் போட்ட செக் புத்தக அடிக்கட்டைகள், ஊழியர் சேமலாப நிதி பற்றித் தொழில் திணைக்களத்திலிருந்து வந்த ஒரு அறிவித்தல். அடியில் இன்னும் ஒரு ஜோடி பூட்ஸ் கிடந்தது, ஆணிக்கிடையில் காய்ந்த மண்ணோடு. கடிதங்களில் எல்லாம் சித்தாலேப வலித் தைல வாசனை. வீட்டில் யாரும் கைவைக்காத ஒரே இடம் அந்தப் பைதான் என்பதால் ஒன்றரை வருடமாக எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வந்திருக்கிறார்.

“அண்ணே, நாளைக்கு ஒரு செக் பேங்குக்கு வருது. கணக்குல காசு இல்ல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மற்றதெல்லாம் கடிதம் கடிதமாகப் பிரித்து நான் கூட்டியது.

மிகைப்பற்று 25 இலட்சம். லீசிங் பாக்கி 18. துணிக்காரர்களுக்குத் திகதி தள்ளி எழுதிக் கொடுத்த செக் 22. மாத வட்டிக் கடன் 15. மனைவியின் நகையை அடகு வைத்தது 8. ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் சேர்த்து 4. மொத்தம் 92 இலட்சம். வர வேண்டியது, வட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளித் தள்ளி எழுதியதில், 61 இலட்சம். 140 பேரிடமும் அணிகளிடமும் சிதறிக் கிடந்தது. மாத வட்டிக் கடனுக்கு மட்டும் மாதம் 75,000 ரூபாய் போய்க்கொண்டிருந்தது, அதைக் கட்டவே புதிய ஓர்டர்களுக்கு முற்பணம் வாங்கினார், முற்பணம் போனதால் அந்த ஓர்டருக்குத் துணி வாங்கக் கடன்.

இரண்டு விஷயம் தொகையை விடப் பாரமானவை. ஒன்று, நகை வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருப்பதாக மனைவி நம்பிக்கொண்டிருந்தார். மற்றது சேமலாப நிதி. தொழிலாளியின் சம்பளத்தில் எட்டு வீதம் பிடித்து, முதலாளி பன்னிரண்டு வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி மூன்று வீதம். இவர் எட்டு வீதத்தைப் பிடித்திருக்கிறார், கட்டவில்லை. பதினொரு பேர், அதில் எட்டுப் பேர் தையல் பெண்கள். அது கடன் அல்ல, அடுத்தவர் காசு. அப்படியே முகத்துக்கு நேரே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் விரலைத்தான் பார்த்தார். பிறகு மெதுவாக, “சொன்னா வெளிய எடுத்துடுவாங்கன்னு பயம் அண்ணே, எப்பவுமே அதுதான்” என்றார்.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

முதல் முடிவு அன்றைக்கே: மனைவியிடம் சொல்வது. வங்கிக்கு முன்னால், அப்பாவுக்கு முன்னால். ஏனென்றால் அடுத்து செய்ய வேண்டிய எதுவும் அவருக்குத் தெரியாமல் நடக்க முடியாது, மறுபடி ஒரு பை தேவைப்பட்டுவிடும். நான் கூடப் போனேன், வாசலோடு நின்றுகொண்டேன். அந்தத் தங்கச்சி அழவில்லை. ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்து வந்து, “முதல்ல இருந்து சொல்லுங்க” என்று எழுத உட்கார்ந்தார்.

இரண்டாவது, எல்லாக் கடன்காரருக்கும் ஒரே தாள். யாருக்கு எவ்வளவு என்பது முழுதும் ஒரே பக்கத்தில், கூட்டுத்தொகையோடு. ஆளுக்கொரு கதை சொன்னால் மூன்றாவது ஆளிடம் போகும்போது முதல் கதை மறந்துவிடும், புறக்கோட்டையில் துணிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். தாளைக் காட்டுவது தம்பிக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அதைக் கட்டாயமாக்கினேன்.

மூன்றாவது, வேனை விற்பது. எரிபொருளே இல்லாத நேரத்தில் யார் வாகனம் வாங்குவார் என்று பயந்தோம். ஆனால் 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வாகனங்களின் விலை ஏறிக் கிடந்தது. 2017இல் 19 இலட்சத்துக்கு வாங்கிய சின்ன வேன் 31 இலட்சத்துக்குப் போனது. அந்தக் காசை எதற்குக் கொடுப்பது என்பதில் தம்பிக்கும் எனக்கும் வாக்குவாதம். துணிக்காரர்களுக்குக் கொடுத்தால் துணி வரும், வேலை ஓடும் என்பது அவர் பேச்சு. நான் மாத வட்டிக் கடன், சேமலாப நிதி, நகை என்ற வரிசையில் நின்றேன். முதலாவது, தூங்குகிற நேரத்திலும் வளர்கிற கடன். இரண்டாவது, தையல் பெண்களின் காசு. நகையை மூன்றாவதாக வைத்ததற்குக் கணக்கில் காரணம் இல்லை, வீட்டில் இருக்கிறது. அப்படியே செய்தோம். மேலதிகக் கட்டணமும் சேர்த்துக் கட்டியது போக மூன்று இலட்சத்துக்குக் குறைவாக மிஞ்சியது.

நான்காவது, புதிதாகத் திகதி தள்ளிய செக் ஒன்றுகூட எழுதக்கூடாது. ஓர்டருக்கு 60 வீத முற்பணம், மிச்சம் பொதியை எடுக்கும்போது. எந்த நண்பனுக்கும் விதிவிலக்கு இல்லை. விரலைப் பற்றி அவரே சொன்ன கணக்கை இங்கே எடுத்துக்கொண்டோம்: ஒரு தடவை மடங்கினால் நாள் மறுபடி ஒன்றிலிருந்து. தங்கச்சி சுவரில் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டு நாளை எண்ணினார்.

வசூல் செய்கிற வேலையையும் தம்பியிடமிருந்து எடுத்துவிட்டோம். கூட விளையாடியவர்களுக்கு அவர் எடுத்த முதல் ஆறு அழைப்புகளைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஆறிலும் சுகம் விசாரித்து, பழைய ஆட்டம் பேசி, காசைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வைத்தார். தங்கச்சி எடுத்த முதல் அழைப்பு ஒன்றரை நிமிடம். “அண்ணா, நான் இன்னாரோட மனைவி பேசுறேன், உங்க பேர்ல 43,000 ரூபா நிக்குது, எப்ப போடுவீங்க?” அன்றைக்குப் பின்னேரமே பாதி வந்தது.

தொடர்ந்து நடந்தவை

எல்லாம் நேராகப் போகவில்லை. வங்கியில் முகாமையாளர் தாளைப் பார்த்துவிட்டு, இரண்டு வருடம் முன்னால் இதைக் கொண்டு வந்திருக்கலாமே என்றார், அதற்கு மேல் குத்திக்காட்டவில்லை. மிகைப்பற்றைத் தவணைக் கடனாக மாற்றினார்கள். வட்டி 20 வீதத்துக்கு மேல்தான், ஆனால் தொகை குறையத் தொடங்கியது. லீசிங் கம்பனி இரண்டாவது இயந்திரத்தைத் திருப்பி எடுத்து, விற்ற காசைக் கழித்து மிச்சத்துக்குத் தவணை போட்டது.

பெரிய பிழை என்னுடையது. துணிக்காரர்கள் நான்கு பேர். சிறிய மூவரை முதலில் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, பெரியவரிடம் ஒழுங்காகத் தயாராகிப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பத்து நாளில் அவருக்குச் செய்தி வேறு வாயால் போய்ச் சேர்ந்தது. கையிலிருந்த மூன்று செக்கையும் ஒன்றாக வங்கியில் போட்டார், மூன்றும் திரும்பின. கணக்கில் காசில்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றம், அவர் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். கொடுத்ததில் தவறு காண மாட்டேன். கையிலிருந்த கடைசிக் காசோடு தம்பியின் அப்பா இரண்டு இலட்சம் போட்டு, சட்டத்தரணி மூலம் தவணை எழுதி முடித்தோம். அன்றைக்குத்தான் கிழவருக்கு விஷயம் தெரியும். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், கொப்பி எழுதுறானா என்று கேட்டார்.

கடனை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னதிலும் நான் யோசிக்காத ஒரு பக்கம் இருந்தது. பாடசாலைக் காசு அதிபர், அபிவிருத்திச் சங்கம் என்று கையெழுத்து ஏறித்தான் வரும், முற்பணம் கொடுக்க அவர்களுக்கு வழியே இல்லை. ஒழுங்காகக் காசு கட்டி வந்த இரண்டு பாடசாலைகள் அதனால் வேறிடம் போயின. தனி ஆளுக்கும் நிறுவனத்துக்கும் வேறு வேறு விதி போட்டிருக்க வேண்டும். பிறகு போட்டோம், ஆனால் அந்த இரண்டில் ஒன்றுதான் திரும்பி வந்தது.

பதினொரு பேரில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். போனவர்களில் இருவர் தாங்களாகவே மத்திய கிழக்குக்குப் போனார்கள், மற்ற நால்வரைத் தம்பி நேரில் கூப்பிட்டு, சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டையும் சட்டப்படியான கணக்கையும் கையில் கொடுத்து அனுப்பினார். மின்வெட்டு நேர அட்டவணைப்படி அழுத்துகிற வேலையை இரவுக்கு மாற்றினோம், வெட்டும் தையலும் பகலில்.

61 இலட்சத்தில் பதினெட்டு மாதத்தில் 27 வந்தது. சின்னத் தொகைக்காரர்கள்தான் முதலில் கட்டினார்கள். பெரிய தொகைக்காரர்களில் பலர் அந்த வருடம் நாட்டை விட்டே போயிருந்தார்கள். ஒருவர் மெல்பேர்னிலிருந்து முழுத் தொகையும் அனுப்பி, தெரிந்திருந்தால் அப்போதே கட்டியிருப்பேன் என்று எழுதினார். உண்மையாகத்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். நானே ஐந்து மாதம் கட்டாமல் இருந்தவன்.

2024 கடைசியில் நிலை

துணிக்காரர்களின் பாக்கி முடிந்தது. லீசிங் முடிந்தது. வங்கிக் கடனில் 11 இலட்சம் நிற்கிறது, தவணை தவறவில்லை. காசுப் புத்தகம் முழுக்கத் தங்கச்சியிடம். கணவனோடு சரியாகப் பேச அவருக்கு எட்டு மாதம் பிடித்தது, நகை விஷயத்தை இன்னும் மன்னிக்கவில்லை என்று என்னிடமே சொன்னார். அதைச் சமாதானம் செய்ய நான் முயலவில்லை.

தம்பி சனிக்கிழமைகளில் பதினான்கு வயதுப் பையன்களுக்கு ரக்பி பழக்குகிறார். தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுக்க வேண்டும் என்பது இப்போது உலக ரக்பியின் விதி, கிரிக்கெட்டிலும் 2019 முதல் அப்படி அடிபட்டவருக்குப் பதிலாள் இறக்கலாம். எங்கள் காலத்தில் இந்தப் பேச்சே இல்லை. அவர் தலையோடு நிற்பதில்லை, விரல், கணுக்கால் எதுவானாலும் பயிற்சிக்கு முன் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னதற்காக அணியில் இடம் போகாது என்று பையன்களுக்கும் பெற்றோருக்கும் எழுதியே கொடுத்திருக்கிறார்.

மாற்றிச் செய்வதானால்

கடன்காரர்களைப் பார்க்கும் வரிசையில் பெரியவரை முதல் நாளே பார்த்திருப்பேன், தயாராகாமல் போனாலும் பரவாயில்லை. பாடசாலைகளுக்கு வேறு விதி போட்டிருப்பேன். இது என் தொழில் சம்பந்தப்பட்டது.

மற்றது அதற்கு முந்தியது. 2018இல் 60 ரீசேர்ட்டுக்கு ஐந்து மாதம் காசு கேட்காமல் ஒரு வியாபாரி இருந்தால், கணக்குப் பார்க்கிறவனுக்கு அதுவே ஒரு அறிகுறி. கேட்காதவனிடம் காசு நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. இப்போது விளையாட்டுப் பக்கத்திலிருந்து யாராவது கணக்குக்கு வந்தால் இலாப நட்டத்தைக் கேட்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: பிரிக்காத கடிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? இரண்டு பேர் இருக்கிறது என்றார்கள். ஒருவர் மறுநாளே ஒரு பொலித்தீன் பை நிறையக் கொண்டுவந்தார்.

புறக்கோட்டைப் பெரியவர் தம்பிக்கு இன்றைக்கும் காசுக்குத்தான் துணி கொடுக்கிறார். போன நவம்பரில் தம்பியோடு நானும் போயிருந்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, வீட்டில் எல்லோரையும் விசாரித்தார். பிறகு பில்லை எழுதி மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தம்பி எண்ணிக் கொடுத்தார், பெரியவர் மறுபடி ஒரு தடவை எண்ணினார், துணி வெளியே வந்தது.